வயர் இல்லாத புல்வெட்டியின் பற்றரி: கொழும்புச் சூழலுக்கான முழுமையான மின்னேற்ற, பராமரிப்பு வழிகாட்டி

பற்றரியில் இயங்கும் புல்வெட்டிகளோடு வரும் கைநூல்களிற் பெரும்பாலானவை குளிர் நாட்டு வீட்டுக்காரரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. உறைபனியில் மின்னேற்றக் கூடாது, குளிர்காலம் முடியும்வரை பற்றரியை இன்னவாறு எடுத்து வைக்க வேண்டும் என்று அவை பக்கக்கணக்கில் விளக்குகின்றன. கொழும்பில் உறைபனியும் இல்லை, புல் வளராத பருவமும் இல்லை. இங்கே பற்றரியைக் கெடுப்பவை பகலில் முப்பது பாகையைத் தொடும் வெப்பம், ஆண்டு முழுவதும் விலகாத ஈரப்பதன், கடலோரத்து உப்புக்காற்று, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல்தோறும் வரும் இடிமின்னல் ஆகியவையே. ஆகவே கைநூலின் எச்சரிக்கைகளை அப்படியே பின்பற்றும் ஒருவர்கூட இரண்டு மூன்று ஆண்டுகளில் பற்றரியின் வலு பாதியாகக் குறைந்திருப்பதைக் காண நேரலாம்.

இந்த வழிகாட்டியில் மற்றவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: புல் வெட்டி முடித்த கையோடு பற்றரியை மின்னேற்றாதீர்கள், அடுத்த முறை வெட்டுவதற்குச் சற்று முன்னர் மின்னேற்றுங்கள். இதற்கான காரணம் எளிமையானது. லித்தியம் அயன் பற்றரி பாவிக்கும்போது மட்டுமன்றி, சும்மா கிடக்கும்போதும் முதுமையடைகிறது. அது முழுமையாக நிரம்பியிருக்கும்போதும் சூடான இடத்தில் இருக்கும்போதும் அந்த முதுமை விரைவுபடுகிறது. இரண்டும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடும்போது இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் வழங்கும் பொதுக்கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட்டு அன்றே நிரப்பி வைப்பவரின் பற்றரி அடுத்த வெட்டு வரையான இரு வாரங்களையும் நிரம்பிய நிலையில், முப்பது பாகை வெப்பத்தில் கழிக்கிறது. வெட்டப்போகும் காலையில் நிரப்புபவரின் பற்றரியோ அந்த நிலையில் இரண்டொரு மணித்தியாலம் மட்டுமே இருக்கிறது.

முதலில் லேபலைப் படியுங்கள்

பற்றரியின் அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டப்பட்டிருக்கும் லேபலில், அது எந்த வகைப் பற்றரி என்பதை முதலிற் பாருங்கள். இன்று விற்பனையாகும் பற்றரிப் புல்வெட்டிகள் ஏறத்தாழ எல்லாமே லித்தியம் அயன் வகையைச் சேர்ந்தவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து பழையதாக வந்திறங்கிய சில இயந்திரங்களில் ஈய அமிலப் பற்றரி இருக்கக்கூடும். ஈய அமிலப் பற்றரியை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும். குறைந்த நிலையில் விட்டால் அதன் தகடுகளில் சல்பேற்று படிந்துவிடும். இந்த வழிகாட்டியிற் சொல்லப்படுவது லித்தியத்துக்கு மட்டுமே உரியது. கார் பற்றரியோடும் யூபிஎஸ் பற்றரியோடும் பழகியவர்கள் தம் பழைய வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

அடுத்து வோல்ற்றளவு. ஒரு லித்தியம் அயன் கலத்தின் சாதாரண வோல்ற்றளவு 3.6, முழுமையாக நிரம்பும்போது அது 4.2 ஆகும். பத்துக் கலங்களைத் தொடராக இணைத்த பற்றரியை ஒரு நிறுவனம் 36 வோல்ற்று என்றும், இன்னொன்று உச்ச அளவைக் கருத்திற்கொண்டு 40 வோல்ற்று என்றும் விற்பது இதனாற்றான். 40 என்று எழுதியிருப்பதால் அது கூடுதல் வலுவுள்ளது என்று எண்ணிக் கூடிய விலை கொடுக்க வேண்டியதில்லை. பற்றரியிற் சேமிக்கப்படும் சக்தியை வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பெருக்கி அறியலாம்: 36 வோல்ற்று, 4 அம்பியர் மணி என்றால் 144 வாற்று மணி. மின்னேற்றியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட் மின்சாரத்தில் இத்தகைய பற்றரியை ஐந்து முறை நிரப்பலாம். எனவே மின்கட்டணத்தை எண்ணி இரவு நேரத்துக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

இதே வாற்று மணிக் கணக்கு விமானப் பயணத்திலும் உதவும். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினரிடம் பற்றரி வாங்கிவரச் சொல்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். 100 வாற்று மணிக்கு மேற்பட்ட உதிரிப் பற்றரிக்கு விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும்; 160 ஐத் தாண்டினால் பயணப் பொதியில் எந்த வகையிலும் அனுமதியில்லை. அனுமதி பெற்றதையும் கைப்பொதியில்தான் கொண்டுவர வேண்டும். மேலே சொன்ன 144 வாற்று மணிப் பற்றரி அனுமதியோடு வரலாம். அதே வகையில் 5 அம்பியர் மணிப் பற்றரி 180 ஆகிவிடுவதால் வர முடியாது.

மின்னேற்றியும் சுவரிலுள்ள மின்சாரமும்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் விற்கப்படும் மின்னேற்றிகள் இங்கே இயங்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படுபவை பெரும்பாலும் 120 வோல்ற்றுக்கு மட்டுமே உரியவை என்பதால், பிளக்கை மாற்றிப் பூட்டி இங்கே செருகினால் கணப்பொழுதில் கருகும். மின்னேற்றியின் லேபலில் உள்ளீடு என்ற வரியில் 100 முதல் 240 வரை அல்லது 220 முதல் 240 வரை என்று அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே நேரடியாகச் செருகுங்கள்.

பிளக் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய இருமுனைப் பிளக்கோடு வந்த மின்னேற்றியை 13 அம்பியர் பிளக் பொயின்டில் செருகுவதற்கு, மேற்புறத்திலுள்ள புவித்தொடுப்புத் துளையில் ஒரு பேனா மூடியை நுழைத்து உள்ளேயுள்ள தடுப்பைத் தள்ளித் திறக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. தடுப்பு திறக்கும், இரு முனைகளும் உள்ளே போகும், விளக்கும் எரியும்; ஆனால் உருண்டை முனைகள் சதுரத் துளையில் இறுக்கமாகப் பற்றுவதில்லை. தளர்ந்த தொடுகையில் சூடு பிறக்கும். இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து மின்னோட்டம் செல்லும்போது பிளக் பொயின்டின் பிளாஸ்ரிக் மஞ்சளாகி, பின்னர் பழுப்பாகி உருகத் தொடங்கும். உரிய பியூஸ் உள்ள தரமான அடப்டர் ஒன்றை வாங்குவதற்கு ஆகும் செலவு சொற்பம். ஒன்றின்மேல் ஒன்றாக மல்டி பிளக்குகளை அடுக்கி அவற்றின் நுனியில் மின்னேற்றியைத் தொங்கவிடுவதும் இதே ஆபத்தைத் தரும்.

மின்னேற்றியைச் செருகியதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், அதைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கிவிடாதீர்கள். மின்கசிவு இருக்கிறது என்பதையே அது சொல்கிறது. மின்னேற்றியை அகற்றிவிட்டு மின்னியலாளரிடம் காட்டுங்கள்.

2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பின்னர் பல வீடுகளில் இன்வேர்ட்டரும் சிறிய ஜெனரேற்றரும் வந்துவிட்டன. மலிவான இன்வேர்ட்டர்களின் மின்னலை தூய சைன் வடிவில் இருப்பதில்லை; அவற்றில் பூட்டும்போது மின்னேற்றி இரைந்தாலோ வழக்கத்தைவிடச் சூடானாலோ உடனே நிறுத்துங்கள். மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில் வோல்ற்றளவு ஏறியிறங்குவதுண்டு. எனவே மின்சாரம் போனதும் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்துப் பூட்டுவது நல்லது. இடி கேட்கத் தொடங்கினாலும் அப்படித்தான். சுவரிலுள்ள ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே வெளியே எடுக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவுசெய்தல்

கொழும்பு வீடுகளில் மின்னேற்றிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் கார் நிறுத்தும் கராஜ், பின்புறத்துத் தகரக் கொட்டகை, அல்லது மாடிப்படியின் கீழுள்ள மூலை. மூன்றும் எனக்கு உடன்பாடில்லாதவை. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் நாற்பது பாகையைத் தாண்டுவது சாதாரணம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மின்னேற்றத்துக்கு வைக்கும் மேலெல்லையும் 40 முதல் 45 பாகைதான். கராஜில் பெற்றோல் கலனும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் பக்கத்தில் இருக்கும். மாடிப்படியின் கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு இறங்க வழியில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் பொதுப் புற்றரையைப் பராமரிக்கும் காவலாளி அடித்தளத்தில், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் மின்னேற்றுவதையும் குடியிருப்போர் சங்கம் கவனிக்க வேண்டும்.

நல்ல இடம் என்பது வெயில் படாத, காற்றோட்டமுள்ள, சீமெந்து அல்லது ஓடு பதித்த தரையுள்ள, வெளியேறும் வழியை மறிக்காத ஓரிடம். மின்னேற்றியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு முழ அளவு வெற்றிடம் இருக்கட்டும். துணியோ அட்டைப்பெட்டியோ அதன்மேல் விழக்கூடாது. அடைத்த அலுமாரிக்குள் வைத்து மின்னேற்றுவதும் கூடாது.

இங்கே பல்லியையும் எறும்பையும் மறந்துவிட முடியாது. மின்னேற்றியின் காற்றுத் துளைகள் இளஞ்சூடாக இருப்பதால் பல்லிகள் உள்ளே புகுந்து தங்கும். சுற்றுப்பலகையில் இரு முனைகளை ஒருசேரத் தொட்டால் பல்லியும் போகும், மின்னேற்றியும் போகும். பாவிக்காத வேளையில் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றி, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மின்னேற்றும் முறை

வெட்டப்போகும் நாளன்று காலையிலேயே தொடங்குங்கள். காலை ஆறு மணிக்குக் கொழும்பின் வெப்பநிலை நாளின் மிகக் குறைந்த அளவில் இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் விழித்திருப்பார்கள் என்பதும் ஒரு பாதுகாப்பு. மாலையில் வெட்டுபவர்கள் பிற்பகலில் வீட்டின் உள்ளறை ஒன்றில் மின்னேற்றலாம்.

பற்றரியைக் கையில் எடுத்து முதலிற் பாருங்கள். ஓட்டில் வெடிப்பு, ஒரு பக்கம் உப்பியிருத்தல், கசிவின் கறை, இனிப்பும் கரைப்பான் நெடியும் கலந்த ஒரு மணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மின்னேற்ற வேண்டாம். அடுத்துப் புறங்கையை அதன்மேல் வையுங்கள். உங்கள் தோலைவிடப் பற்றரி சூடாகத் தெரிந்தால் நிழலில் ஆறவிடுங்கள். வெட்டி முடித்த பற்றரி ஆறுவதற்குக் கொழும்பின் நடைமுறையில் ஒரு மணித்தியாலமாவது வேண்டும். விரைவில் ஆறட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதோ ஈரத்துணியால் சுற்றுவதோ கூடாது. குளிர்ந்த பற்றரியை வெளியே எடுத்ததும் நம் காற்றின் ஈரம் அதன் உள்ளும் புறமும் நீராக ஒடுங்கும்.

பின்னர் மின்னேற்றியை முதலில் சுவரில் பூட்டி, அதன் விளக்கு எரிவதை உறுதிசெய்து, அதன் பிறகு பற்றரியைத் தவாளிப்பில் சரியாகப் பொருத்துங்கள். விளக்குகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் கைநூலின் அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. பொதுவாக, பற்றரி மிகச் சூடாக இருப்பதை ஒருவித மினுக்கமும் பழுதை வேறொரு மினுக்கமும் காட்டும். சூட்டைக் காட்டும் மினுக்கம் வந்தால் கழற்றிக் கழற்றிப் பூட்டாமல் ஆறவிடுங்கள். பழுதைக் காட்டுவது வந்தால் முனைகளைத் துடைத்து ஒரே ஒரு முறை மீண்டும் பூட்டிப் பாருங்கள், திரும்பவும் வந்தால் விட்டுவிடுங்கள்.

நேரத்தைக் கணிக்க, பற்றரியின் அம்பியர் மணியை மின்னேற்றியின் அம்பியரால் வகுத்து அரை மணித்தியாலம் அளவில் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு அம்பியர் மணிப் பற்றரிக்கு இரண்டு அம்பியர் மின்னேற்றி என்றால் இரண்டரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலம் கூடுவதற்குக் காரணம் உண்டு: மின்னேற்றி முதலில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்தி, கலங்கள் உச்ச வோல்ற்றளவை நெருங்கியதும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிறது. கலங்களுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் சுற்றும் பல பற்றரிகளில் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே முழுமையாக நிரப்பும்போது இடையில் பிடுங்காமல் முடியவிடுங்கள். புதிய பற்றரியை முதன்முறை பன்னிரண்டு மணித்தியாலம் மின்னேற்ற வேண்டும் என்பது நிக்கல் கட்மியம் என்ற பழைய வகைப் பற்றரியின் காலத்துப் பழக்கம். இன்றைய பற்றரிக்கு அது தேவையில்லை.

நிரம்பியதாக விளக்கு காட்டியதும் பற்றரியை எடுங்கள், பிறகு மின்னேற்றியையும் சுவரிலிருந்து அகற்றுங்கள். வீட்டில் ஆளில்லாத வேளையிலும் உறங்கும் வேளையிலும் மின்னேற்ற வேண்டாம். தோட்ட வேலைக்கு வருபவர் இயந்திரத்தைப் பாவிப்பவராக இருந்தால், பற்றரியும் மின்னேற்றியும் வீட்டுக்காரரின் பொறுப்பில் உள்ளே இருப்பதே நடைமுறைக்கு உகந்தது. அவர் வந்ததும் நிரம்பிய பற்றரியைக் கொடுத்து, போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வெட்டும்போது பற்றரியைக் காத்தல்

பற்றரியை வெட்டும்போதே சூடாக்கிவிடுபவை ஈரப்புல்லும் மழுங்கிய அலகும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் புல் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிடும். அதை ஒரே மூச்சில் தரைமட்டமாக வெட்ட முயன்றால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பலமடங்காகி, பற்றரியின் உட்பகுதி 50 பாகையைக்கூட எட்டலாம். முதல்நாள் உயரத்தில் மூன்றிலொரு பங்கை மட்டும் வெட்டி, சில நாள் கழித்து மீண்டும் தாழ்த்தி வெட்டுங்கள். இயந்திரம் தானாக நின்றால் பற்றரியின் பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்தியிருக்கிறது என்று பொருள். உடனே மீண்டும் இயக்காமல், பற்றரியைக் கழற்றிய பின்னர் அடித்தட்டில் புல் அடைத்திருக்கிறதா, தென்னோலை ஈர்க்கு அலகில் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பற்றரி பூட்டியிருக்கும் நிலையில் அலகுப் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது என்பதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

பற்றரியிலுள்ள மின்னளவுக் காட்டியில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும்போது நிறுத்திவிடுவது உத்தமம். மேற்கொண்டு இழுத்து, இயந்திரம் அணையும்வரை ஓட்டும் பழக்கத்தால் கலங்கள் தேவையின்றி அடிமட்டத்துக்குப் போகின்றன. வெட்டி முடித்ததும் பற்றரியை இயந்திரத்திலேயே விடாமல் கழற்றி உள்ளே கொண்டுவாருங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.

துடைத்தலும் உப்புக்காற்றும்

பற்றரியின் ஓட்டை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். குழாய் நீரில் கழுவக் கூடாது. தூறல் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது கழுவுவதற்கான அனுமதியாகாது. தெஹிவளை முதல் கொள்ளுப்பிட்டி வரை கடலோடு ஒட்டிய வீடுகளில் உலோக முனைகளில் பச்சையும் வெண்மையுமான படிவு சில மாதங்களிலேயே தோன்றும். இதனைத் துடைக்க ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதுமானது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியற் கடைகளில் அது கிடைக்கும். மின்னேற்றி சுவரிலிருந்து கழற்றப்பட்டிருக்கும்போதே துடையுங்கள்; நன்கு உலர்ந்த பின்னர்தான் பூட்டுங்கள். மணற்தாளால் உரசினால் முனையின் மேற்பூச்சு போய் அடுத்த முறை இன்னும் விரைவாக அரிக்கும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் களனி கங்கை பெருகினால் கொலன்னாவைப் பக்கத்து வீடுகளுக்கு இது நேரும். வெயிலில் காயவைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சேற்றுநீர் உள்ளே புகுந்த பற்றரி நாட்கள் கழித்தும் தீப்பற்றலாம், அது கழிவே.

நீண்ட நாள் வீட்டைவிட்டுப் போகும்போது

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் தங்குபவருக்கும், பிள்ளைகளைப் பார்க்க ஆறுமாதம் கனடா போகிறவருக்கும் இதுதான் உண்மையான சேமிப்புக் காலம். பற்றரியைப் பாதியளவில், அதாவது நான்கு கோட்டுக் காட்டியில் இரண்டு எரியும் நிலையில், வீட்டிலேயே மிகக் குளிர்ச்சியான உள்ளறையில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். ஆணிகளும் சாவிகளும் கிடக்கும் லாச்சியில் வைக்காதீர்கள். உலோகம் இரு முனைகளையும் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். வெறுமையான நிலையில் விட்டுப் போவது மிக மோசம்: கலம் தானாகவும் பாதுகாப்புச் சுற்றின் சிறு நுகர்வாலும் மெல்ல மெல்ல இறங்கி, இரண்டரை வோல்ற்றுக்கு வெகுவாகக் கீழே போய்விட்டால் அதன் உள்ளேயுள்ள செப்புத்தகடு கரையத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது காட்டியைப் பார்த்து, ஒரு கோட்டுக்குக் குறைந்திருந்தால் சிறிது நேரம் மின்னேற்றினால் நல்லது.

இப்படி இறந்துபோன பற்றரியை இன்னொரு பற்றரியின் வயரைத் தொடுத்து 'எழுப்பித்' தரும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். எழும்பவும் செய்யும். ஆனால் கரைந்த செப்பு மீண்டும் படியும்போது உட்குறுக்குச்சுற்று உண்டாகி, பின்னொரு நாள் மின்னேற்றும்போது தீப்பற்றும் வாய்ப்பு இருப்பதால் நான் இதனை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றுப் பற்றரி வாங்குதல்

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 'பொருந்தும்' பற்றரிகளை நிறுத்துப் பாருங்கள். வழக்கமான உருளைக் கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ளது. 36 வோல்ற்று, 4 அம்பியர் மணிப் பற்றரியில் பொதுவாக அத்தகைய இருபது கலங்கள் இருக்க வேண்டும் என்பதால் கலங்கள் மட்டுமே 900 கிராம் அளவில் வரும். அதே அளவு எழுதப்பட்டு ஐந்நூறு, அறுநூறு கிராம் எடையில் வருவது தன் லேபலுக்கு உண்மையானதாக இருக்க முடியாது. உள்ளே வெப்பவுணரியும் ஒழுங்கான பாதுகாப்புச் சுற்றும் இருக்குமா என்பதும் அப்போது ஐயமே.

தீ ஆபத்து ஏற்பட்டால்

மின்னேற்றும்போது பற்றரி தொடமுடியாத அளவுக்குச் சூடானாலோ, உப்பினாலோ, சீறும் ஒலி கேட்டாலோ, பற்றரியைத் தொடாமல் பிரதான ஆளியை அணையுங்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு 110 இலக்கத்தில் தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். அந்தப் புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் இருப்பதால், புகையும் பற்றரியைக் கையிலேந்தி வீட்டினூடாக வெளியே கொண்டு ஓடுவது இருமடங்கு ஆபத்தானது. தூள் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் கலத்தைக் குளிர்விக்காது. ஏற்கெனவே வெளியில் இருக்கும் பற்றரி, மின்சாரத்தோடு தொடர்பில்லாதது என்றால், தூரத்தில் நின்று ஏராளமாக நீர் பாய்ச்சலாம். அணைந்த பற்றரி சில மணித்தியாலம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும் என்பதால் அதை உள்ளே எடுத்துவர வேண்டாம்.

வாழ்நாள் முடிந்த பற்றரி

முன்பு ஒரே மின்னேற்றத்தில் முடிந்த வளவு இப்போது இரண்டு தடவை நிரப்பினாலும் முடியவில்லை என்றால், அலகைத் தீட்டிப் பார்த்த பின்னரும் நிலைமை அதுவே என்றால், பற்றரி ஓய்வுக்கு வந்துவிட்டது. மாநகர சபையின் குப்பை வண்டியில் அதைப் போடாதீர்கள். வண்டியின் அழுத்தியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். பழைய இரும்பு வாங்க வருபவரிடமும் கொடுக்க வேண்டாம், அவர் அதை உடைத்துப் பார்ப்பார். உலோக முனைகளின்மேல் மின்காப்பு நாடாவை ஒட்டி, தனி அட்டைப்பெட்டியில் இட்டு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியற் கழிவுச் சேகரிப்பாளரிடமோ, பழையதைத் திரும்ப ஏற்கும் விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். உப்பிய பற்றரி என்றால் கொண்டுபோவதற்கு முன்னரே தொலைபேசியில் தெரிவித்து, ஏற்றுக்கொள்வார்களா என்று உறுதிப்படுத்துங்கள். அதுவரை அதை வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் படாத ஒதுக்குப்புறத்தில், மணல் நிரப்பிய வாளியில் வைத்திருக்கலாம்.